நான் சோம்பல் என்று எழுதிய நொண்டல்

"1946, தை 5. மணி ராஜகிரிப் படியில் உட்கார்ந்துவிட்டது. சோம்பல்." இது என் நாட்குறிப்பு. மணி எங்கள் வீட்டுக் குட்டை நாய். ராஜகிரி மலைக்கோட்டையின் படிகளை எண்ணி அளக்கப் போகும்போதெல்லாம் அதையும் கூட்டிப் போவேன்.

மாசியில் ஒருநாள் காலை, மணியால் பின்னங்காலை ஊன்றி எழ முடியவில்லை. நான் தேதி போட்டு அதையும் எழுதினேன்.

"எழுதிக்கினே கீறீங்களே, எழுதனத ஒரு தபா படிச்சீங்களா?" என்றாள் மனைவி.

படித்தேன். கோட்டை ஏறிய மறுநாளெல்லாம் 'நொண்டுகிறது' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. அழுகை வரவில்லை. அன்றைய வரியில் மை காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தேன்.

இரண்டு மாத ஓய்விலும் வெந்நீர் ஒத்தடத்திலும் மணி தெருமுனைவரை நடக்கிறது. இப்போது கோட்டைக்குத் தனியாகப் போகிறேன். ஞாயிறுதோறும் பழைய பக்கங்களைப் படிக்கிறேன். 'சோம்பல்' என்பதை அடித்துவிட்டேன். தை ஐந்தாம் தேதியே அதற்கு வலித்ததா என்பது இன்னும் உறுதிப்படவில்லை.