சௌமியா செய்த டிரில் மிஷின்

வலைக்கு மேலே லாஞ்சு என்கிற பெரிய விசைப்படகு ஓடி மறுபடியும் அறுத்துக்கொண்டு போன அன்று, எத்திராஜ் கடலுக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டான். வள்ளூர் அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலைக்குப் பெயர் கொடுத்தாயிற்று. ஆயுத பூஜை முடிந்த திங்கட்கிழமை வேன் வரும் என்றான். வாய் அப்படிச் சொன்னதே தவிர, கை அறுந்த வலையைக் கோத்துக்கொண்டுதான் இருந்தது. அதைப் பார்த்த தங்கை சௌமியாவுக்கு மனசு கேட்கவில்லை. திருவொற்றியூர் குப்பத்தில் அவனைப் போல நீரோட்டம் பார்த்து வலை விடுகிற ஆள் யார் இருக்கிறார்கள்? அவன் போய் சாம்பல் மூட்டை தூக்குவதா?

"ண்ணா, இன்னும் ஒரே ஒரு தபா போய்ட்டு வா. மிதவை மேல மினுக்கு லைட்டு நான் செஞ்சு தரேன். லாஞ்சுக்காரன் தூரத்துலயே பாத்துத் திரும்பிப்பான்."

"கடையில வாங்குன லைட்டே ஒரு வாரத்துல பூட்டுது. நீ இன்னா கிழிக்கப் போற?"

வேறு யாரிடம் வேண்டுமானாலும் இப்படிக் கேட்டிருக்கலாம். சௌமியாவிடம் கேட்டது தப்பு. கல்யாணத்துக்கு முன் ஒரு கம்பெனியில் எலக்ட்ரானிக் போர்டுகளுக்குப் பற்றவைத்தவள் அவள். செத்துப்போன கடை லைட்டைப் பிரித்துப் பார்த்ததுமே நோய் தெரிந்துவிட்டது. உள்ளே இருந்த போர்டை உப்புத்தண்ணீர் அரித்துத் தின்றிருந்தது. போர்டை நாமே செய்து, இறுகிப் பாறையாகும் ரெசின் பசையை ஊற்றி மூடிவிட்டால் கடலே கவிழ்ந்தாலும் எரியும் என்று கணக்குப் போட்டாள்.

செம்புத் தகடு ஒட்டிய அட்டையில் மார்க்கரால் கோடு போட்டு, கரைசலில் ஊறவைத்து, வேண்டாத செம்பைக் கரைப்பதெல்லாம் சமையல்கட்டிலேயே நடந்தது. இடித்தது ஓட்டை போடுகிற இடத்தில்தான். பாகங்களின் கம்பிக்கால் நுழைய ஈர்க்குச்சியைவிட மெல்லிய டிரில் பிட்டால் துளைக்க வேண்டும். கையில் பிடித்து ஓட்டினால், கொஞ்சம் சாய்ந்தாலும் பிட்டு பட்டென்று ஒடியும். பிட்டை நேராக இறக்கும் மிஷினின் விலையைக் கேட்டாலோ தலை சுற்றியது.

தண்டையார்பேட்டையில் ரஹீமுன்னிசாவின் காயலாங்கடையில் சௌமியா ஒரு மத்தியானம் முழுக்கக் குடைந்தாள். கடைசியில் கையில் சிக்கியது ஒரு மைக்ராஸ்கோப். பள்ளிக்கூட லேபில் இருக்குமே, அதுதான். கண்ணாடி ஒன்றுகூட இல்லை. ஆனால் பக்கத்துக் குமிழைத் திருகினால் குழாய் ஆடாமல் அசையாமல் நேராக இறங்கியது, நேராக ஏறியது.

"இன்னா சௌமியா, டாக்டராவப் போறியா?" என்றாள் ரஹீமுன்னிசா.

"ஆமாக்கா, ஓட்டை போடுற டாக்டரு."

குழாய் இருந்த இடத்தில் உடைந்த பிரிண்டரின் மோட்டாரை வைத்துக் கிளாம்ப் போட்டாள். மோட்டார் முனையில் பிட்டைக் கவ்வுவதற்குச் சின்னப் பித்தளை வாய். கரண்டுக்குப் பழைய லேப்டாப் சார்ஜர். முதல் ஓட்டை விழுந்த அட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தபோது அவள் முகத்தில் இருந்த பூரிப்பு இருக்கிறதே, அதற்கு ஈடே கிடையாது. என்ன மூளை, என்ன துணிச்சல்!

அவளைவிட அதிகம் பூரித்தவன் கணவன் ஜெகதீசன். துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறவன். ஆயுத பூஜை அன்று வண்டிக்கு மாலை, எலுமிச்சம்பழம், பூசணிக்காய் என்று அமர்க்களப்படுத்திவிட்டு வீட்டுக்கு வந்தவன், பெண்டாட்டியின் மிஷினை மட்டும் விடுவானா? சந்தனத்தைக் குழைத்து மோட்டாரிலிருந்து முனை வரை அப்பி, குங்குமம் வைத்துவிட்டான். பூஜையில் வைத்ததை அன்று தொடக்கூடாது. அந்த ஒரு தபாவுக்கு ஒத்துக்கொண்ட எத்திராஜ் மறுநாள் மத்தியானம் கடலுக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. காலையில் துளைத்துக்கொண்டால் ஆயிற்று என்று சௌமியாவும் கைகட்டி இருந்தாள்.

காலையில் சந்தனத்தை மேலாகத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். தொட்டதும் பிட்டு ஒடிந்தது. அட்டை சரியாக உட்காரவில்லை என்று நினைத்து இறுக்கிவிட்டு வேறு பிட்டு மாட்டினாள். அதுவும் போயிற்று. மிச்சம் ஒன்றே ஒன்று. கடைகள் எல்லாம் பூஜை லீவில் மூடிக் கிடந்தன. அண்ணனின் கடலே அந்த ஒற்றைப் பிட்டில் தொங்கியது.

நல்லவேளை, அவசரப்படவில்லை. பிட்டை மாட்டி, அட்டையைத் தொடாமல் வெறுமனே ஓட்டிப் பார்த்தாள். நேராகச் சுழல வேண்டிய முனை குடிகாரன் போலத் தள்ளாடியது. பித்தளை வாயைக் கழற்றினாள். இடுக்கெல்லாம் சந்தனம், காய்ந்து கல்லாகியிருந்தது.

"யோவ், இங்க வா! இதோட வாய்க்குள்ளயுமா சந்தனம் வெப்ப?"

"சாமிக்கு வெச்சேன்மே... உள்ள போவும்னு கண்டனா?" ஜெகதீசன் முகம் சுண்டிப்போயிற்று.

திட்டத்தான் வாய் திறந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. இருவருமாக மண்ணெண்ணெயும் பல் பிரஷும் வைத்துத் தேய்த்து எடுத்தார்கள். அப்புறம் மூச்சைப் பிடித்துக்கொண்டு குமிழைத் திருகினாள். பிட்டு இறங்கியது, ஏறியது, ஒடியவில்லை. எல்லா ஓட்டையும் அந்த ஒரே பிட்டில் முடிந்தது. பாகங்களைப் பற்றவைத்து ஊற்றிய ரெசின் இறுகியும் இறுகாமலும் இருக்கும்போதே எத்திராஜ் லைட்டுகளை வாங்கிக்கொண்டு படகைத் தள்ளினான்.

விடிந்து கரை சேர்ந்தவனிடம் ஓடினாள்.

"வலை இன்னாச்சுண்ணா?"

"முழுசா கீது. லாஞ்சு கிட்ட வந்துச்சு, லைட்டைப் பாத்து ஒதுங்கிக்கினு பூட்ச்சு."

மீன் என்னவோ சுமார்தான். எத்திராஜ் வலையை உதறிக் காயப்போட்டுவிட்டு வீட்டுக்குப் போனான். வேன் வரும் திங்கட்கிழமையும் நெருங்கியது.

திங்கட்கிழமை காலை வேன் தெருமுனையில் நின்று ஹாரன் அடித்தது. தண்ணீர்க் குடத்தோடு நின்ற சௌமியா குடத்தை இறக்கிவைத்துவிட்டு அண்ணன் வீட்டுப் பக்கம் திரும்பினாள். எதிர் வீட்டிலிருந்து அண்ணி கன்னியம்மா மட்டும் கதவைத் திறந்துகொண்டு வந்து வேன் டிரைவரைப் பார்த்துக் கை காட்டினாள்.

"இனிமே நிக்காதபா, போ. அவுரு அப்பவே கடலுக்குப் பூட்டாரு."