ரெண்டு கதவுக் கார்

பின்சீட்டில் ஆள் ஏற முடியாத கார் ஒன்று வேண்டும் என்று நான் சொன்னபோது, சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் போனில், "அம்மா, பின்சீட்டுன்னு ஒண்ணு வெக்கிறதே ஆள் ஏறத்தானே?" என்றாள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் எனக்கு வேண்டியது அதுதான். இரண்டே கதவு, முன்னால் இரண்டு பேர். பின்னால் ஒரு சீட்டு பெயருக்கு இருந்துவிட்டுப் போகட்டும். அதில் உட்கார வேண்டுமென்றால் முன்சீட்டை மடக்கி, தலையைக் குனிந்து, கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நுழைய வேண்டும். எங்கள் சொந்தத்தில் எந்தப் பெண்பிள்ளையும் பட்டுப்புடவையோடு அந்த வித்தைக்குத் துணிய மாட்டாள்.

இந்தப் பிடிவாதம் எதற்கு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கணவர் புடவை வியாபாரி. ஆரணியில் நெய்கிறவர்களிடம் வாங்கி, சென்னைக்கும் பெங்களூருக்கும் தானே கார் ஓட்டிக்கொண்டு போய்க் கடைகளில் போட்டுவிட்டு வருவார். வாரத்தில் பாதி நாள் ரோட்டில்தான் இருப்பார். போன வருஷம் அறுப்பு நேரத்தில் களம்பூரிலிருந்து பைக்கில் வந்துகொண்டிருந்தார். ரோட்டில் பாதியை அடைத்து நெல் காயவைத்திருந்தார்கள். எதிரே அரிசி மில் லாரி வந்தது. ஒதுங்கினார். நெல்லில் டயர் வழுக்கி விழுந்ததில் இடது முட்டி போய்விட்டது. வேலூரில் ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். கம்பு ஊன்றி நடக்கலாம், ஆனால் அந்த முட்டி லேசாகத்தான் மடங்கும். வலது காலுக்கு ஒரு குறையும் இல்லை.

நடக்க ஆரம்பித்த புதிதில் சேத்துப்பட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். வீட்டில் அப்போது ஏழு பேர் உட்காருகிற பெரிய கார் இருந்தது. ஏழு பேர் என்று கம்பெனிக்காரன் சொல்வது. எங்கள் கணக்கில் பிள்ளைகளைச் சேர்க்காமல் ஒன்பது. அவரை நடு சீட்டில் சாய்த்து, காலை நீட்டி, அதற்குக் கீழே ஒரு தலையணை வைத்தோம். தேசூரிலிருந்து வந்திருந்த என் நாத்தனார் அந்தத் தலையணையை வழி நெடுகப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டியில் இருந்த எல்லோரும், "பாத்து, பாத்து, காலு" என்று கத்தினார்கள். மண்டப வாசலில் நாலு ஆண்பிள்ளைகள் ஓடிவந்து அவரை அப்படியே தூக்கி இறக்கினார்கள். மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு கூட்டம் கூடவில்லை. எல்லோரும் நல்ல மனசோடு செய்ததுதான். அவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, "இனிமே என்னை எங்கயும் கூப்டாத" என்றார்.

அதன்பிறகு வாசற்படியைத் தாண்டவே இல்லை. வியாபாரத்தைப் போனிலேயே பார்த்துக்கொண்டார். புடவையைக் கையால் தொட்டுப் பார்க்காமல் வாங்க மாட்டேன் என்று இருந்தவர், போட்டோவைப் பார்த்து விலை பேசினார். கோவிலுக்குக் கூப்பிட்டேன், வரவில்லை. தெருமுனைக் கடையில் டீ குடிக்கலாம் என்றேன், அதற்கும் இல்லை. மனுஷன் உள்ளுக்குள்ளே கரைந்துகொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. எனக்குப் பயமாக இருந்தது. ராத்திரி அழுவேன், பகலில் அவர்மேல் எரிந்து விழுவேன். ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோதுதான் இந்த யோசனை வந்தது. கூட்டம் ஏற முடியாத வண்டி ஒன்றை வாங்க வேண்டும். அவரை என் பக்கத்தில், முன்சீட்டில் உட்காரவைத்து, நான் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். எங்காவது, யாருமில்லாமல், நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

பெரிய காரை விற்றேன். விற்கட்டுமா என்று கேட்டதற்கு அவர் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். நாத்தனார்தான் போனில் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, நாங்கள்லாம் இனிமே ஒரு நல்லது கெட்டதுக்கு எப்பிடி வர்றது?" என்றாள். "பஸ்ஸு ஓடிகினுதான இருக்குது, அதுல வாங்க" என்றேன். அவள் இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

புதுசா பழசா என்பதில் அதிகம் யோசிக்க இடமில்லை. மகள் அனுப்பிய படங்களையெல்லாம் பார்த்தேன். இரண்டு கதவு வைத்துப் புதிதாக விற்கிறவை எல்லாம் தரையோடு படுத்துக் கிடக்கிற ரகம். காதைப் பிளக்கிற சத்தத்தோடு பணக்காரப் பிள்ளைகள் ஓட்டுவது. எங்கள் ஊர் வேகத்தடையில் ஒரே நாளில் வயிறு கிழிந்துவிடும், விலையும் நமக்கு எட்டாது. அதனால் யாரோ ஆசைப்பட்டு வாங்கி, அலுத்துப்போய் விற்ற சின்ன வண்டியாகத் தேடினோம். கூட வந்த என் தம்பிக்கு அதிலும் இஷ்டமில்லை.

"அக்கா, ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காது. நாளைக்கு விக்கப் போனா ஒருத்தனும் கேக்க மாட்டான். நாலு கதவுல ஒரு சாதாரண வண்டி வாங்கு. ஸ்டைலா ஓட்டிகினு போயி இந்த வயசுல யாருக்குக் காட்டப்போற?" என்றான்.

எனக்கு வந்ததே கோபம்! "மானத்தை மறைக்க நூல் புடவை போதும்டா. பின்ன எதுக்கு ஜனங்க நம்மகிட்ட வந்து பட்டு வாங்குது?" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேனே தவிர, அப்புறம் அதைப்பற்றி நிறைய யோசித்தேன். அழகு என்பது மிச்சமிருந்தால் வைத்துக்கொள்கிற சாமான் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஒருவருக்கு உடம்புக்கு வந்துவிட்டால் முதலில் அதைத்தான் பிடுங்குகிறோம். தளர்ந்த லுங்கி, பழைய சட்டை, வழுக்காத செருப்பு, எல்லாமே வசதிக்காக. என் கணவர் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில்லாமல் கடைத்தெருவுக்குப் போனதில்லை. அவரை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி ஆஸ்பத்திரி வண்டி மாதிரி இருந்தால் வருவாரா? ஜனங்கள் வண்டியைப் பார்க்க வேண்டும். பார்த்து முடிப்பதற்குள் அவர் உட்கார்ந்துவிட வேண்டும். உபயோகம் என்றால் இதுவும் உபயோகம்தானே.

வேலூரில் பழைய கார் விற்கிற இடம் ஒன்றில் அது இருந்தது. மயில்கழுத்து நிறம், மேல்கூரை மட்டும் சந்தன நிறம். உடலுக்கும் பார்டருக்கும் அப்படி ஒரு பொருத்தம். பார்த்த உடனே மனசு அதன்மேல் போய்விட்டது, ஆனாலும் முகத்தில் காட்டவில்லை. வியாபாரக் குடும்பம் அல்லவா. ஷெட்டுக்குள் டியூப்லைட் எரிந்தது. "வெளிய எடுங்க, வெயில்ல பாக்கணும்" என்றேன். வெயிலுக்கு வந்தது. பிறகு நிழலுக்கு நகர்த்தச் சொன்னேன். வெயிலில் பச்சையாகவும் நிழலில் நீலமாகவும் அடித்தது. கதவில் ஒரு இடத்தில் மட்டும் சாயம் கொஞ்சம் வேறாக இருந்ததைக் கண்டுபிடித்து, அங்கே திரும்பப் பெயின்ட் அடித்திருப்பதை விற்பனைக்காரப் பையனை ஒப்புக்கொள்ள வைத்தேன். சீட்டுத் துணியை விரலால் நிமிண்டிப் பார்த்தேன். டிக்கியில் புடவை அட்டைப்பெட்டிகள் கவிழாமல் படுக்குமா என்று பார்த்தேன். படுத்தது.

"எல்லாரும் டயரைப் பாப்பாங்க மேடம், நீங்க சாயத்தைப் பாக்குறீங்களே" என்று அந்தப் பையன் சிரித்தான். இன்ஜினைத் தம்பி பார்த்துக்கொண்டான். ஓட்டிப் பார்த்தேன். கிளட்ச் இல்லை, பிரேக்கும் ஆக்சிலேட்டரும் மட்டும்தான். ஆரணி பஸ் ஸ்டாண்டு நெரிசலில் கிளட்சை மிதித்து மிதித்துப் பேஜாராகிப்போன எனக்கு, அப்பாடா என்று இருந்தது. கதவு நல்ல நீளம். அகலமாகத் திறந்தது, சீட்டும் பின்னால் தள்ளிப் போயிற்று. காலை நீட்டினபடியே அவர் உட்காரலாம். இதைவிட வேறென்ன வேண்டும் என்று அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்குத்தான் என் புத்தி எனக்கே தெரிந்தது. எங்கள் வீடு பெரிய தெருவிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருக்கிறது. பழைய காரும் அந்தச் சந்தில் நுழைந்ததுதான். ஆனால் அதன் கதவுகள் குட்டை. இதன் கதவோ ஒரு ஆள் நீளம். ஒரு பக்கம் எதிர்வீட்டுச் சுவர், மறுபக்கம் எங்கள் படி. சாணளவு திறந்து தட்டி நின்றுவிட்டது. நானே வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நழுவித்தான் வெளியே வந்தேன். மடங்காத காலோடு அவர் ஏறுவது நடக்காத காரியம். வெயிலில் பார்த்தேன், நிழலில் பார்த்தேன், துணியைக்கூடத் தடவிப் பார்த்தேன். வாசலில் கதவு திறக்குமா என்று மட்டும் பார்க்கவில்லை. புடவை வாங்குகிறவள் கார் வாங்கினால் இப்படித்தான் ஆகும்.

அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் உள்ளே போனதும், "கிளட்ச் இல்லியா?" என்று கேட்டார். "இல்ல" என்றேன். "ம்" என்றார். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

காரைச் சந்து முனையில், பெரிய தெருவில்தான் நிறுத்த முடிந்தது. அங்கே கதவு தாராளமாகத் திறக்கும். ஆனால் அதுவரை அவர் நடந்து வர வேண்டும். சந்து முழுக்கத் தெரிந்த முகங்கள். ஒரு வருஷமாக எந்தக் கண்களுக்கு ஒளிந்து உள்ளேயே இருந்தாரோ, அதே கண்கள். அவரைக் கேட்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. "நான் அப்பவே சொன்னேன்" என்று தம்பி ஆரம்பித்தான். விற்ற இடத்திலேயே கொஞ்சம் குறைத்துக்கொண்டு திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்களாம். ஞாயிற்றுக்கிழமை வந்து ஓட்டிக்கொண்டு போவதாகச் சொன்னான். சரி என்று சொல்லிவிட்டு, அவரிடமும் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஞாயிறு காலை குளித்து முடித்து வந்தால், அவர் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக நிற்கிறார். "எங்கங்க?" என்றேன். "வண்டி போறதுக்குள்ள ஒருக்கா பாத்துட்டு வர்றேன்" என்று கம்பை எடுத்துக்கொண்டு படியில் இறங்கிவிட்டார். கார் சாவியை எடுத்துக்கொண்டு ஈரத் தலையோடு பின்னாலேயே ஓடினேன்.

சந்தில் அப்போது நெசவுக்காரர்கள் தறியில் ஏற்றப் பாவு நீட்டியிருந்தார்கள். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பட்டு இழை விறைப்பாக நின்றது. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரைப் பார்த்ததும் எல்லா முகமும் திரும்பியது. ஆனால் ஒருத்தரும் தாங்கிப் பிடிக்க ஓடிவரவில்லை. எப்படி வருவார்கள்? எல்லோர் கையிலும் பட்டு. கையை எடுத்தால் இழை சிக்கிக்கொள்ளும், அறுந்துபோகும். தொழில் தெரிந்த மனுஷர். அந்த நேரமாகப் பார்த்துத்தான் படி இறங்கினாரோ என்னவோ, இன்றுவரை நான் கேட்டதில்லை. சுவரோரமாகக் கம்பை ஊன்றி ஊன்றி நடந்தார்.

"இன்னாண்ணே, ஊருக்கா?" என்று ஒருவர் இழையிலிருந்து கையை எடுக்காமலே கேட்டார்.

"ஆமாம்பா, ஜல்தியா வந்துடுவேன்" என்றார் இவர்.

ஊருக்கா! வண்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றுதானே கிளம்பினார். சந்து முனைக்கு வந்ததும் முன்னால் ஓடி, அவருக்காக இடது பக்கக் கதவை முழுசாகத் திறந்து பிடித்துக்கொண்டேன். அவர் அந்தப் பக்கம் வரவில்லை. வண்டியைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போய் நின்று கையை நீட்டினார்.

"சாவி குடு."

"எதுக்குங்க?" என்றேன். அவர் வண்டியின் கூரைக்கு மேலாக என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"ரெண்டு கதவுதான் வேணும், பெரிய கதவா வேணும்னு ஊர் பூரா சண்டை போட்ட. சரி, என்னைப் பக்கத்துல குந்தவெச்சி ஓட்டப்போறன்னு நெனைச்சேன். கிளட்ச் இல்லாத வண்டின்னு தெரிஞ்சப்புறம்தான் புரிஞ்சுது. இடது காலு இல்லாமயே ஓட்டிடலாம். எனக்காகப் பாத்து வாங்கிட்டு, வாயத் தொறந்து சொல்லாம, இப்போ திருப்பி அனுப்புறேன்னு வேற நிக்கிற. ஏம்மே, அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

சத்தியமாகச் சொல்கிறேன், அது என் புத்திக்கு எட்டவே இல்லை. இத்தனை மாதம் ராத்திரி பகலாக யோசித்ததில், அவர் மறுபடியும் ஸ்டியரிங்கைப் பிடிப்பார் என்று ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை. நான் நினைத்ததெல்லாம் நான் ஓட்டுவதைத்தான். அந்த மயில்கழுத்து வண்டியில் நான் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். அதை மனசுக்குள் எத்தனை முறை ஓட்டிப் பார்த்திருப்பேன்! அவரோ இத்தனை நாளும் ஜன்னலோரம் உட்கார்ந்து, நான் நினைக்காத ஒன்றை நான் நினைத்ததாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். அந்த நம்பிக்கையில்தான் வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறார், சந்து முழுக்க நடந்து வந்திருக்கிறார்.

"பின்ன, உங்களுக்கு இல்லாம வேற யாருக்கு வாங்குவாங்க?" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தேன்.

அவர் இடுப்பை முதலில் சீட்டில் வைத்து, காலை இரண்டு கையாலும் தூக்கி, நிதானமாக உள்ளே வைத்துக்கொண்டார். நான் திறந்து வைத்திருந்த கதவு வழியாக நானே ஏறி உட்கார்ந்தேன். எனக்குச் சந்தோஷமும் வயிற்றெரிச்சலும் சேர்ந்தே வந்தது, மறைத்து என்ன ஆகப்போகிறது. அவர் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினார். ஸ்டியரிங்கை ஒரு தடவை தடவிக் கொடுத்தார். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "பெல்ட்டு போட்டுக்க" என்றார்.