படகில் போகிறவளின் முகம்

மாலை ஐந்து நாற்பதுக்கு டியூஷன் டீச்சர் போன் செய்தார். "இன்னிக்கு உங்க பொண்ணு வரலியே, உடம்பு சரியில்லையா?"

நான் அப்போதுதான் ஆபீஸிலிருந்து மும்பை செம்பூர் வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். மகளுக்குப் பன்னிரண்டு வயது. அவள் போன் சார்ஜரில் இருந்தது, டியூஷன் பை கட்டிலில் கிடந்தது. பக்கத்தில் அந்த நாவல், கடைசிப் படத்தில் விரித்தபடி. பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

அது என் மாமனார் வாங்கிய சரித்திர நாவல். ஓவியங்களோடு வந்த பதிப்பு, இரண்டு பாகம். அவர் காலமானதும் தாராவி வீட்டில் பாத்திரங்களைப் பங்கு வைத்தார்கள். நாவலையும் வைத்தார்கள். முதல் பாகம் என் கணவருக்கு, இரண்டாவது அவருடைய அக்காவுக்கு, அதாவது என் மதினிக்கு. "ஆளுக்கு ஒண்ணு, சரியாப் போச்சு" என்றார்கள். யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. ஆனால் பெரிய குக்கர் யாருக்கு என்பதில் வார்த்தை தடித்தது. அதிலிருந்து மதினியும் நானும் பேசுவது நின்றுபோயிற்று.

மகள் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அந்த நாவலில் முதலில் படங்களை மட்டும் பார்த்தாள். படங்கள் தனியாக வழவழப்பான தாளில் இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் கதையிலிருந்து ஒரே ஒரு வரி. அதை விரல் வைத்துப் படிப்பாள். படம் எப்போதும் சம்பவத்துக்குச் சில பக்கம் முன்னாலேயே வந்துவிடும். வாள் ஏன் கீழே கிடக்கிறது, ராணி ஏன் திரும்பிப் பார்க்கிறாள் என்று தெரிய வேண்டுமானால் நடுவில் உள்ளதைப் படித்தாக வேண்டும். ஒரு பத்தி, பிறகு ஒரு பக்கம் என்று படிக்க ஆரம்பித்திருந்தாள். நான் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு எவ்வளவோ கெஞ்சியும் நடக்காத காரியம்.

கடைசிப் படத்தில் இருட்டும் நேரத்தில் ஒருத்தி தனியாகப் படகில் போகிறாள். முதுகு மட்டும் தெரியும்.

"இவ மூஞ்சி எப்டிம்மா இருக்கும்?" என்று முந்தின நாள் கேட்டாள்.

"ரெண்டாம் பாகத்துல வரும். தாராவி அத்தை வீட்ல இருக்கு."

"வாங்கிக் குடேன்."

"பாக்கலாம்."

மகள் பஸ் ஸ்டாப் பக்கம் போனதாக வாட்ச்மேன் சொன்னார். அவளுடைய சிநேகிதிகள் யாருக்கும் தெரியவில்லை. கணவர் லோக்கல் ரயிலில் வந்துகொண்டிருந்தார், போனில் பேச்சு விட்டுவிட்டுக் கேட்டது. மழையில் ஸ்டேஷன் வரை போய்த் தேடினேன். முதுகில் பின்னல் தொங்கிய ஒவ்வொரு பெண்ணையும் முன்னால் ஓடிப் போய்ப் பார்த்தேன். ஒருத்தி பயந்து தள்ளி நின்றாள்.

போலீசுக்குக் காட்ட அவள் போட்டோவை எடுத்துப் போக வீட்டுக்கு வந்தபோதுதான் அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். மதினிக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. திரும்பவும் போட்டேன். அவர்களிடமும் இல்லையென்றால் வேறு எங்கே போவேன் என்று அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை. இன்றும் மகள் கொஞ்சம் தாமதித்தால் எனக்கு அந்த மணிச் சத்தம்தான் காதில் கேட்கிறது.

கதவைப் பூட்டும்போது லிப்ட் திறந்தது. நனைந்த தலையோடு மகள். பின்னால் மதினி, நெஞ்சோடு அணைத்த பிளாஸ்டிக் பையில் இரண்டாம் பாகம்.

"ஏட்டி, எதுக்கு இந்தப் போன அடிக்க? ரிக்‌ஷால ஒரு கையில புள்ள, ஒரு கையில பொஸ்தவம், எதுல எடுக்க?"

நான் மகளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அடிக்கவும் கை ஓங்கினேன்.

மதினி கையைத் தட்டிவிட்டார். "புள்ளைய ஏசாத. மூஞ்சி இந்தப் பாகத்து மொதப் படத்துலயே இருந்துச்சு, பாத்துட்டா. யாரு இவ, எதுக்குப் போறான்னு எங்கிட்ட கேக்கா. எனக்கே முன்கத மறந்துபோச்சு. மொதப் பாகத்த எடுத்துட்டு வா. நானும் பாத்துட்டுத்தான் போவேன்."