பட்டு இழையில் போட்ட கட்டு

படுக்கையில் விழுந்தவர்களை அவர்கள் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்வது கிரேஸின் வேலை. செவிலிமேட்டில் அவள் வீட்டில் கணவன் ஜோசுவாவின் தறியும் இரண்டு லவ் பேர்ட்ஸும் இருந்தன. ஒன்று குருடு. மற்றது, கால்கள் இரண்டும் தவளைபோல் அகன்று பிறந்த குஞ்சு. பறவைக் கடைக்காரர் தூக்கிப் போடவிருந்ததைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள். பெயர் வைக்கவில்லை. முதலில் நிற்கட்டும் என்றிருந்தாள்.

எலும்பு முற்றுவதற்குள் கால்களைச் சேர்த்துக் கட்டினால் நேராகும். பேண்டேஜ் துணியில் தளர்வாகக் கட்டிவிட்டு, தாமலில் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ளப் போனாள். குஞ்சு ஜோசுவாவின் பொறுப்பு.

அவள் திரும்பியபோது குஞ்சு கவிழ்ந்து கிடந்தது. துணிக்கட்டைக் காணோம். அந்த இடத்தில் சிவப்புப் பட்டு இழை, இழுத்தாலும் பிரியாத தறிக்காரர் முடிச்சு. அதற்குக் கீழே இடது கால் கறுத்திருந்தது.

"இன்னாய்யா இது?"

"துணி அவுந்து அவுந்து போச்சி கிரேசு. மெத்துனு இருக்கட்டுமேன்னு பட்டுல கட்டினேன்."

"மெத்துனா? உன் விரலையே அறுத்துக்கினு கெடக்குது."

"எனக்கு வலிச்சா கைய எடுத்துடுவேன்" என்றான் ஜோசுவா. சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. தறிப் பலகையில் உட்கார்ந்துவிட்டான்.

கிரேஸ் திட்டவில்லை. திட்டினால் அந்தக் காலில் ரத்தம் ஓடாது. சின்னக் கத்தரியால் முடிச்சை வெட்டினாள். கால்நடை மருத்துவர், கால் காய்ந்து உதிர்ந்துவிடும், உயிருக்கு உறுதி சொல்ல முடியாது என்றார்.

"செத்துடுமா?" என்றான் ஜோசுவா, வீடு திரும்பியதும்.

"தின்னா பொழைக்கும். தெனை மாவ கரைச்சினு வா."

மாறி மாறி ஊட்டினார்கள். கால் உதிர்ந்தது, குஞ்சு தங்கியது. ஒற்றைக் காலால் குச்சியைப் பற்ற முடியாமல் விழுந்தது. ஜோசுவா குச்சியை எடுத்துவிட்டுப் பழைய துண்டு சுற்றிய பலகையை வைத்தான். குஞ்சு அலகால் கூண்டுக் கம்பியைக் கவ்வி ஏறியது, விழுந்தது, மறுபடி ஏறியது. குருட்டுப் பறவை நகர்ந்து இடம் தரவில்லை. குஞ்சு அதன்மேலேயே சாய்ந்து நின்றுகொண்டது.

தாமலுக்கு மறுபடி கூப்பிட்டார்கள். கிரேஸ் பையோடு வாசலில் நின்றாள். இவனை நம்பி விட்டுப் போவதா?

"நின்னுடுச்சே. இன்னா பேரு வெக்கறது?" என்றான் அவன்.

"நீயே வெச்சிக்கினு இரு. எனக்கு பஸ்சு போயிடும்."

தறியை விட்டு எழுந்தவன் கூண்டைத் திறக்கும் முன், இரண்டு கைகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டினான். விரல்களைப் பிரித்து, திருப்பி, இழை ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தான். லுங்கியில் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தான்.

வாசலிலிருந்து அதைப் பார்த்த கிரேஸ் பஸ்ஸுக்கு நடந்தாள்.