பை கட்டும் நாளில் வரும் வயிற்றுவலி

அப்பா போர்வெல் வண்டியோடு வடக்கே போனால் திரும்பிவரப் பல மாதங்கள் ஆகும். அவர் கிளம்பும் நாட்களில் எனக்குத் தவறாமல் வயிறு வலிக்கும். அவர் ஏறிய பஸ்ஸின் சத்தம் அடங்கியதும் வலியும் போய்விடும். வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

இரண்டாம் வகுப்பில் எனக்கு டெங்கு வந்தது. சேதி கேட்டு அப்பா வந்து சேர்ந்ததால் அந்தக் காய்ச்சல் எனக்குப் பிடித்திருந்தது. கஞ்சி ஊட்டினார், மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தார், கொசுவலைக்குள் என்னோடு படுத்துக்கொண்டு வண்டிச் சமையல்காரர் வைக்கும் சாம்பாரைப் பற்றிக் குறை சொன்னார்.

ஒரு காலையில் அம்மா என் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, "காச்சல் உட்டுருச்சுங்க" என்றாள். அப்பா சட்டைகளை மடித்துப் பையில் வைக்கத் தொடங்கினார். எனக்கு வயிறு வலித்தது.

"பாத்தீங்களா, பையத் தொட்டதும் ஆரம்பிச்சுட்டா. நீங்க கெளம்புங்க, பஸ்சு போயிரும்" என்று அம்மா சிரித்தாள்.

அப்பாவும் சிரித்துக்கொண்டேதான் பக்கத்தில் உட்கார்ந்தார். "எங்க சாமி வலிக்குது?"

வழக்கமாக அவர் விரல் படுமுன்பே கத்துவேன். அன்று கத்தவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிச் சுருண்டுகொண்டேன். அப்பாவின் சிரிப்பு நின்றது. "இல்ல, இது வேற" என்று என்னைத் தூக்கிக்கொண்டார்.

நாமக்கல் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவரிடம் சொன்னதை அம்மா பிற்பாடு சொல்லித்தான் அறிந்தேன். "காச்சல் விட்டா சரியாயிருச்சுன்னு நெனைக்காதீங்க. கொழந்தைகளுக்கு இப்பத்தான் பயமே. கை கால் சில்லுன்னு ஆகுதான்னு தொட்டுப் பாத்துட்டே இருங்க."

வண்டி முதலாளி கூப்பிட்டு அப்பாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் அதை அணைத்துவிட்டார். கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு கையால் என் கையையும் மறு கையால் என் பாதத்தையும் பிடித்திருந்தார். கண் விழித்தபோதெல்லாம் அந்தக் கைகள் அங்கே இருந்தன. இந்த முறை என் வயிற்றுவலி ஜெயித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

டெங்கு எந்தக் குழந்தைக்கு முற்றும் என்று முன்கூட்டிச் சொல்லும் மென்பொருளில் இப்போது எனக்கு வேலை. அறிகுறிகளை வரிசைப்படுத்துகிறேன்: காய்ச்சல் இறங்குதல், விடாத வயிற்றுவலி, வாந்தி, சோர்வு, கை கால் குளிர்தல். கடைசி வரிக்கு வரும்போது விரல்கள் தாமாக மூடிக்கொள்கின்றன. அப்பா இன்னும் வடக்கேதான் இருக்கிறார்.

என்னை விட்டுப் போய்விடக் கூடாதென்று அன்று அவர் விரலை இறுகப் பற்றியிருந்தேன். அவரும் அதே பயத்தில்தான் என்னைப் பிடித்திருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.