பாட்டுக் கேட்ட தக்காளி

பொறியியல் கல்லூரி நூலகத்தில் அவளுக்கு வேலை. யாராவது ஒரு தகவலைத் தேடி வந்தால், அது எந்த ஆய்விதழில் கிடைக்கும், எழுதியவர் யார், நம்பலாமா கூடாதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'யார்சொன்னாக்கா'. "இந்த உலோகம் துருவே பிடிக்காதாம்க்கா" என்று ஒருவன் வந்து நின்றால் போதும், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு "யார் சொன்னா?" என்று கேட்டுவிடுவாள்.

பழக்கம் கல்லூரி வாசலோடு நிற்கவில்லை. கல்யாணப் பேச்சின்போது, தன் பையனுக்குக் கோபமே வராது என்று மாமியார் பெருமை பேச, "அது நீங்க சொல்றது. வேற யாராவது சொல்லியிருக்காங்களா அத்தை?" என்று கேட்டு வைத்தாள். பையனின் அப்பா வாய்விட்டுச் சிரித்தார். இவள்தான் நம் வீட்டு மருமகள் என்று அங்கேயே முடிவு கட்டியவரும் அவர்தான். அந்தக் கேள்வி ஒருநாள் தன் பக்கம் திரும்பும் என்று அவர் நினைக்கவில்லை.

மாமனார் தொலைபேசி நிலையத்தில் கேபிள் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். சும்மா உட்கார்ந்தால் கை துறுதுறுக்கும். மொட்டை மாடியில் தொட்டி தொட்டியாகத் தக்காளி வளர்த்தார். ஒரு காலையில் பழைய ரேடியோவையும் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். பாட்டுக் கேட்கிற தக்காளி இரண்டு மடங்கு காய்க்குமாம்.

மருமகள் கேட்டாள். கேட்காமல் இருப்பாளா? அவர் தயாராகத்தான் இருந்தார். போனைத் திறந்து ஐந்து கட்டுரைகளை வரிசையாகக் காட்டினார். ஐந்து பேர் ஒரே மாதிரி பொய் சொல்வார்களா என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

மதிய இடைவேளையில் நூலகத்துக் கணினியில் அவள் அந்த ஐந்தையும் பிடித்து உலுக்கினாள். முதல் கட்டுரை இரண்டாவதைக் கைகாட்டியது, இரண்டாவது மூன்றாவதை. ஐந்திலும் 'வளர்ச்சி' என்ற சொல் ஒரே இடத்தில் 'வளச்சி' என்று கால் ஒடிந்து கிடந்தது. கடைசியில் எல்லாம் போய் நின்றது தோட்டத்துக்கு ஒலிபெருக்கி விற்கும் கடையின் விளம்பரத்தில். 'ஆய்வுகள் கூறுகின்றன' என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. எந்த ஆய்வு, யார் செய்தது, மூச்சில்லை.

சாயங்காலம் வந்து சொன்னாள்: "அஞ்சு பேர் சொல்லலை மாமா. ஒருத்தர் சொன்னதை அஞ்சு பேரும் பார்த்து எழுதியிருக்காங்க. அந்த ஒருத்தரும் ஸ்பீக்கர் விக்கிறவரு."

மாமனார் முகம் சுண்டிப் போனது. காபியை ஆற்றிக்கொண்டே யோசித்தவர், மெதுவாகக் கேட்டார்: "சரிம்மா. சொன்ன ஆள் சரியில்லை, ஒத்துக்கறேன். விஷயம் பொய்யின்னு யாரு சொன்னா?"

அவள் கணவன் செய்தித்தாளுக்குப் பின்னால் குலுங்கிக்கொண்டிருந்தான்.

மறுநாள் அவள் நிஜமான ஆய்வுகளையே தேடினாள். சில கிடைத்தன. ஒன்றில் செடிகள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவு. இன்னொன்றில் பாட்டுக் கேட்ட செடிக்கும் கேட்காத செடிக்கும் ஒரே அளவு வெயில் பட்டதா என்ற பேச்சே இல்லை. கவனமாகச் செய்தவர்களோ ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். சரியாகத் தெரியவில்லை என்பதுதான் பதில். அதை மாமனாரிடம் சொல்ல அவளுக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. அவர் குஷியாகிவிட்டார். தெரியாவிட்டால் நாமே பார்த்துவிடுவோம் என்றார்.

மாடியின் இந்த ஓரம் ஒரு வரிசை, அந்த ஓரம் ஒரு வரிசை. ஒன்றுக்கு மட்டும் பாட்டு. தக்காளி பழுத்தபோது பாட்டு வரிசைதான் ஜெயித்தது. மாமனார் பழத்தட்டை நீட்டியபோது அவர் மீசைகூடச் சிரித்தது.

ஆனால் துணி காயப்போட மாடிக்குப் போகும்போதெல்லாம் அவள் ஒன்றைப் பார்த்திருந்தாள். மனிதர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்ததே ரேடியோ பக்கத்தில்தான். பாட்டுக் கேட்டுக்கொண்டே புழு பொறுக்கினார், சாய்ந்த கிளைக்குக் குச்சி நட்டார், மண் காய்ந்தால் ஒரு குவளை தண்ணீர் விட்டார். அந்த ஓரத்து வரிசைக்கு இந்த உபசாரம் ஏது?

"அடுத்த தடவை ரேடியோ இங்க பாடட்டும், நீங்க அங்க உக்காருங்க மாமா" என்றாள்.

அவருக்குக் கசந்தது. ஆனாலும் சொன்ன வாக்கு மாறாத ஆள்; உட்கார்ந்தார். இந்த முறை பாட்டுக் கேட்ட வரிசை பாட்டோடு புழுவையும் வாங்கிக்கொண்டு வாடியது. பாட்டில்லாத வரிசை காய்த்துத் தள்ளியது. பறித்த அன்று இரண்டு வரிசைப் பழத்தையும் திரும்பத் திரும்ப எண்ணினார். மறுநாள் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"அப்ப பாட்டு இல்லம்மா. நான்தான்."

ஒரே ஒரு தடவை பார்த்ததை வைத்து அப்படிச் சொல்ல முடியாது, குச்சியும் தண்ணீரும்தான் காரணமாக இருக்கும் என்று அவள் எவ்வளவோ சொன்னாள். யார் காதில் ஏறும்? தான் பக்கத்தில் இருந்தாலே செடி செழிக்கும் என்ற செய்தியை மாடிப்படியில் பார்த்தவர்களிடமெல்லாம் அவரே பரப்பினார். அவரிடம் விற்பதற்கு எதுவும் இல்லாததால் ஆட்கள் நம்பவும் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டுத் தையல்காரம்மா வந்து, தன் மிளகாய்ச் செடி சோர்ந்து கிடக்கிறது, ஐயா கொஞ்சம் வந்து உட்கார முடியுமா என்று கேட்டாள். மாமனார் நாற்காலியை மடக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு புறப்பட்டார்.

தடுக்கச் சொல்லிக் கணவன் அவளைப் பார்த்தான். அவள் ஒரு தண்ணீர்க் குவளையை எடுத்து மாமனார் கையில் கொடுத்து அனுப்பினாள்.