நின்றபடி நறுக்க ஒரு பலகை

வீட்டிலேயே மரவேலை செய்கிறவர்களுக்குக் கண்ணில் விழும் தூள் பெரிய தொல்லை இல்லை, காதில் விழும் பேச்சுதான் தொல்லை. நீங்களும் கொல்லைப்புறத்தில் எதையாவது அறுத்து இழைக்கிறவர் என்றால் இதற்குள் தலையாட்டியிருப்பீர்கள். நான் செய்தது காய் நறுக்கும் பலகை. ஊர் ஸ்ரீரங்கம்.

அப்பளம்

கிணற்றடியில் வழுக்கி விழுந்ததில் என் வலது முழங்கால் மடங்காமல் போயிற்று. அரிவாள்மணை என்றால் தரையில் உட்கார வேண்டும். எனக்கு அது முடியாது. எங்களோடு இருந்த என் கணவரின் அக்கா, சமையலுக்கு ஆள் வைத்துக்கொண்டு என்னைப் பிறந்தகத்துக்கு அனுப்பிவிடலாம் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார்.

எனக்கு வந்த கோபத்தில் செங்கல்லை அடுக்கி, அடுப்பை இடுப்பு உயரத்துக்கு ஏற்றினேன். கதவு போட வந்த ஆசாரியிடம் பழைய ரம்பமும் இழைப்புளியும் விலைக்கு வாங்கி, ஒரு மாம்பலகையை நானே அறுத்து இழைத்தேன். தண்ணீர் பட்டுக் காய்ந்ததும் அது நாலு மூலையும் தூக்கிக்கொண்டு நின்றது. அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்பளம் இடறதுக்கு உளுந்து மாவு போறுமே, மரம் எதுக்கு?"

எந்தக் கடை?

அடுத்ததை வளையாத மரத்தில் செய்வது என்று கணவரோடு திருச்சி மரவாடிக்குப் போனேன். கடைக்காரர் அவரைப் பார்த்தே பேசினார். "சாருக்கு என்ன மரம் வேணும்?" என்றார். "எனக்கு ஒண்ணும் வேண்டாம், கேக்கறது அவ" என்று இவர் நகர்ந்து நின்றுகொண்டார்.

நன்றாக விளைந்த புளிய மரத்தில் ஒரு பலகை வேண்டும் என்றேன். கடைக்காரர் என் மடிசாரையும் நெற்றியையும் பார்த்தார்.

"புளிய மரம் கறிக்கடைக்காரங்கதான் கேப்பாங்க. உங்களுக்கு எந்தக் கடைங்க?"

பெரிசாவே இருக்கட்டும்

புளியம்பலகை வளையவில்லை. ஆனால் அது எந்தக் கடைக்குப் போகிற மரம் என்பது அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. பெருமாளுக்குப் படைக்கிற தளிகைக்கு அதில் காய் திருத்தக் கூடாது என்றார். "மரம் என்ன பாவம் பண்ணித்து?" என்று கேட்டேன். அன்று முதல் பெருமாளுக்கு ஆகிற கறிகாயை அவர் அரிவாள்மணையில் திருத்தினார். மற்றதை நான் பலகையில் நறுக்கினேன். அக்கா பலகையை எடுத்து ஒளித்துவைக்கச் சொன்னார். நான் அதைச் சமையலறை ஜன்னலில், தெருவுக்குத் தெரிகிற மாதிரி சாய்த்து வைத்தேன்.

தெரு பேசாமல் இருக்குமா? எதிர்வீட்டு மாமா வாசலில் நின்று, "உங்காத்துல பொம்மனாட்டி இழைப்புளி பிடிக்கறாளாமே" என்று என் கணவரிடம் கேட்டார். நானே வெளியே வந்து, "ஆமாம் மாமா, உங்காத்துக்கு ஒண்ணு பண்ணட்டுமா?" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அன்று மத்தியானமே மாமி கொல்லை வழியாக வந்தாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

"அவர் பேசினது அவரோட. எனக்கும் குனிய முடியலை. ஒண்ணு பண்ணிக் குடு, பெரிசாவே இருக்கட்டும்."

மினுமினுப்பு

அப்படி ஆரம்பித்ததுதான் வியாபாரம். பிறகு திருச்சிக்குப் பக்கத்தில் கைலாசபுரத்தில் பாய்லர் தொழிற்சாலைக்காரர்களுக்குக் குவார்ட்டர்ஸ் வந்தது, பலகை விற்க அங்கேயும் போனேன். நான் செங்கல் அடுக்கிச் செய்ததை அங்கே சர்க்காரே சிமென்ட் மேடையாகக் கட்டிக் கொடுத்திருந்தது. எல்லாரும் நின்றுகொண்டு சமைத்தார்கள், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அங்கே ஒரு இன்ஜினியர் மனைவி, பலகைக்கு ஏன் வார்னிஷ் அடிக்கவில்லை, மினுமினுப்பே இல்லையே என்றார். கத்தி பட்டால் வார்னிஷ் உரிந்து காயோடு வரும், தேங்காயெண்ணெய் தடவினால் போதும் என்றேன். அடித்துக் கொடுத்தால்தான் எடுத்துக்கொள்வேன் என்றார். அடிக்க மாட்டேன் என்று பலகையை வாங்கக் கை நீட்டினேன். அவர் கொடுக்காமல் மார்போடு அணைத்துக்கொண்டார்.

"நீங்க விக்க வந்தீங்களா, சண்டை போட வந்தீங்களா?"

யார் நின்றால் என்ன?

ஒரு முறை மெட்ராஸிலிருந்து அக்காவின் ஒன்றுவிட்ட தம்பி குடும்பத்தோடு வந்தார். நான் அடுப்புக்கு முன்னால் நின்று பலகையில் புடலங்காய் நறுக்குவதைப் பார்த்தார். "நின்னுண்டே தளிகை பண்றவ கையால சாப்பிடணுமாக்கா?" என்றார், எனக்குக் கேட்கும்படியாகவே. நான் கத்தியைக் கீழே வைத்தேன். வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். அரிவாள்மணையிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை.

"அவ நின்னா உனக்கு என்னடா? நீ உட்காந்துண்டுதானே சாப்பிடப் போறே?"

அதற்குப் பிறகும் அக்கா அந்தப் பலகையைத் தொட்டதில்லை, நானும் தொடச் சொன்னதில்லை, இரண்டு பேரும் விட்டுக்கொடுக்காமலேயே அந்த வீட்டில் வேளாவேளைக்குச் சாப்பாடு நடந்தது.